ஃபைபர் போஸ்ட்டை ரெசினால் ஒட்டுதல்: வேர்க்குழாய் முதல் கோர் வரை

கழன்று விழுந்த ஃபைபர் போஸ்ட்டை, அதாவது வேர்க்குழாய்க்குள் ஒட்டும் இழைக் கம்பியை, தாளில் மடித்து நோயாளி கொண்டுவந்து கொடுத்தால், அதைக் குப்பையில் போடுவதற்கு முன் உருப்பெருக்கியின் கீழ் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். போஸ்ட்டின் உடல் முழுவதும் சிமெண்ட் உறைபோல் படிந்திருந்தால், சிமெண்ட்டுக்கும் பல்லின் உட்திசுவான டென்டினுக்கும் இடையில் பிடி விட்டிருக்கிறது. போஸ்ட் வழவழவென்று வெறுமையாக வந்திருந்தால், சிமெண்ட் வேருக்குள்ளேயே தங்கிவிட்டது. குறை போஸ்ட்டின் மேற்பரப்பில் இருக்கிறது. உறையின் மேல் இளஞ்சிவப்புக் கோடுகள் தெரிந்தால், வேர்க்குழாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருளான கட்டா பெர்ச்சாவின் மேல்தான் சிமெண்ட் ஒட்டப்பட்டிருந்தது. டென்டின் அதைத் தொடவே இல்லை.

இந்த மூன்றில் நாம் அதிகம் சந்திப்பது முதல் வகை. நோயாளி கேட்பதும் நாம் சொல்வதும் சிமெண்ட்டைப் பற்றியதாகவே இருக்கும். வேறு நிறுவனத்தின் சிமெண்ட்டுக்கு மாறிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புவோம். ஆனால் ஒட்டு தோற்பதற்கான காரணங்களில் பெரும்பங்கு, சிமெண்ட் சிரிஞ்சின் மூடியைத் திறப்பதற்கு முன்பே வேர்க்குழாயின் சுவரில் நடந்து முடிந்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒட்டும் கட்டத்தைவிட ஒட்டுவதற்கு முந்தைய கட்டங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வசதிக்காக ஒரே பல்லை எடுத்துக்கொள்வோம்: கீழே விழுந்ததில் உடைந்த மேல்தாடை நடு வெட்டுப்பல், வேர்ச் சிகிச்சை முடிந்துவிட்டது, ஈறுக்கு மேல் சுற்றிலும் ஏறத்தாழ 2 மி.மீ. உயரத்துக்குச் சுவர் மிஞ்சியிருக்கிறது.

போஸ்ட் தேவைதானா?

போஸ்ட் வைத்தால் வேர் வலுப்பெறும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. போஸ்ட்டின் வேலை ஒன்றே ஒன்றுதான்: கிரௌன் என்னும் பல்லுறையைத் தாங்க மேலே கட்டப்போகும் அடிக்கட்டையான கோரைப் பிடித்துவைப்பது. அந்தப் பிடி வேறு வழியில் கிடைக்குமானால் போஸ்ட் தேவையில்லை. மூன்று சுவர்கள் நன்றாக நிற்கும் கீழ்க் கடைவாய்ப்பல்லில், பல்கூழ் அறையின் ஆழமே கோரைப் பிடித்துக்கொள்ளப் போதும். அங்கே போஸ்ட்டுக்காக வேரைத் துளைப்பது, இருக்கும் டென்டினைக் காரணமின்றி இழப்பதாகும். முன்பற்களிலும், ஒரே ஒரு சுவர் மட்டும் எஞ்சிய முன்கடைவாய்ப்பற்களிலும்தான் கேள்வி உண்மையாக எழுகிறது.

அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. கிரௌனின் விளிம்பு தழுவிக்கொள்வதற்கு ஈறுக்கு மேல் ஆரோக்கியமான டென்டின் எவ்வளவு இருக்கிறது? இதை ஃபெரூல் என்கிறோம். மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டை மரத்துண்டுகள் பிரிந்துபோகாமல் காப்பதைப்போல, கிரௌன் இந்த வளையத்தைச் சுற்றிப் பிடித்து வேர் பிளவாமல் காக்கிறது. உயரம் 1.5 முதல் 2 மி.மீ., தடிமன் ஏறத்தாழ 1 மி.மீ. என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நம்முடைய பல்லில் 2 மி.மீ. இருப்பதால் தொடரலாம். அது இல்லாத பல்லில், ஈறு அறுவைச் சிகிச்சையால் பல்லின் உயரத்தைக் கூட்டுவதா, கம்பி கட்டி வேரை வெளியே இழுப்பதா, பல்லையே எடுத்துவிடுவதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு நல்ல ரெசினும் ஃபெரூலின் இடத்தை நிரப்பாது.

உலோகத்தை விட்டு ஃபைபருக்கு வந்ததன் காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். டென்டினின் நெகிழ்வு எண் (கூடக்கூட விறைப்பு அதிகம்) ஏறத்தாழ 18 கிகாபாஸ்கல். எஃகுக்கு அது 200 அளவில், டைட்டானியத்துக்கு 110 அளவில் இருக்கிறது. வளையாத கம்பியை வளையும் வேருக்குள் வைத்தால், மெல்லும் விசை கம்பியின் நுனியில் குவிந்து வேரை நெடுக்குவாட்டில் பிளக்கிறது. பிளந்த வேரைக் காப்பாற்ற வழியில்லை. கண்ணாடி இழைப் போஸ்ட்டுகள் பொதுவாக 50 கிகாபாஸ்கலுக்குக் கீழே இருப்பதால் வேரோடு சேர்ந்து ஓரளவு வளைகின்றன. அவை தோற்கும்போது பெரும்பாலும் கழன்று வருகின்றன, வேர் தப்பிக்கிறது. 1990இல் பிரான்சில் துயுரே குழுவினர் அறிமுகப்படுத்திய முதல் ஃபைபர் போஸ்ட்டுகள் கரிம இழையால் ஆனவை. கறுப்பு நிறம் பீங்கான் கிரௌனின் வழியே நிழலாகத் தெரிந்ததாலும் ஒளியைக் கடத்தாததாலும், பின்னர் கண்ணாடி இழையும் குவார்ட்ஸ் இழையும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

நீளத்தையும் தடிமனையும் கணக்கிடுதல்

புத்தகங்கள் மூன்று விதிகளைச் சேர்த்துச் சொல்கின்றன: போஸ்ட்டின் நீளம் கிரௌனின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், வேரின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும், வேர் நுனியில் 4 முதல் 5 மி.மீ. கட்டா பெர்ச்சாவைத் தொடாமல் விட வேண்டும். மேல்தாடை நடு வெட்டுப்பல்லின் சராசரி வேர் நீளம் 13 மி.மீ., கிரௌனின் உயரம் 10.5 மி.மீ. நுனியில் 5 மி.மீ. விட்டால் வேருக்குள் கிடைப்பது 8 மி.மீ. மட்டுமே. அதாவது சராசரிப் பல்லிலேயே மூன்று விதிகளும் ஒன்றுசேர நிறைவேறுவதில்லை. அப்படி மோதும்போது விட்டுக்கொடுக்கக் கூடாதது நுனி அடைப்பு. அது போனால் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும். உலோகப் போஸ்ட்டில் நீளம்தான் பிடியாக இருந்தது. ஒட்டப்படும் ஃபைபர் போஸ்ட்டில் அந்தச் சுமையில் ஒரு பங்கை ஒட்டு ஏற்கிறது. ஆகவே ஓரிரு மில்லிமீட்டர் நீளத்துக்காக நுனியைச் சீண்டுவதில் பொருளில்லை.

தடிமனைப் பொறுத்தவரை, போஸ்ட்டின் விட்டம் வேரின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சுற்றிலும் குறைந்தது 1 மி.மீ. டென்டின் மிஞ்ச வேண்டும். குழாய் எந்த அளவில் இருக்கிறதோ அதற்கேற்ற போஸ்ட்டைத் தேர்ந்தெடுங்கள். கையிலிருக்கும் போஸ்ட்டுக்காகக் குழாயை அகலப்படுத்தாதீர்கள். மேல்தாடை முதல் முன்கடைவாய்ப்பல்லில் இது இன்னும் கவனத்துக்குரியது. அதன் வேர்கள் மெல்லியவை. பக்கவாட்டில் உட்குழிவும் உண்டு. எக்ஸ்ரேயில் தடிமனாகத் தெரியும் சுவர் உண்மையில் அவ்வளவு இருப்பதில்லை.

இடத்தைத் தயார்செய்தல்

பல்லை எச்சிலிலிருந்து பிரித்து வைக்கும் விரிப்பான ரப்பர் டேம் போடாமல் தொடங்க வேண்டாம். வேர்ச் சிகிச்சை முழுவதையும் ரப்பர் டேமின் கீழ் செய்துவிட்டு, போஸ்ட் வைக்கும் நாளில் பஞ்சுருளை போதும் என்று விடுகிறோம். எச்சில் ஒருமுறை குழாய்க்குள் இறங்கினால் இரண்டு கேடுகள் நிகழ்கின்றன: அடைத்து முடித்த குழாய் மீண்டும் கிருமிகளால் மாசுபடுகிறது, ஒட்ட வேண்டிய சுவரில் புரதப் படலம் படிகிறது.

கட்டா பெர்ச்சாவோடு குழாயை அடைக்க வைத்த சீலர் எதுவென்று கேஸ் ஷீட்டில் பாருங்கள். ஜிங்க் ஆக்சைடு யூஜினால் சீலர் என்றால் எச்சரிக்கை தேவை, ஏனெனில் யூஜினால் ரெசின் இறுகும் வேதிவினையைத் தடுக்கிறது. போஸ்ட் வைக்கப்போவது முன்னரே தெரிந்தால் எபாக்சி ரெசின் சீலரைத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி. யூஜினால் சீலர் வைத்த பல் வேறிடத்திலிருந்து நம்மிடம் வந்தால், சீலர் முழுவதும் இறுகிய பிறகு, அது படிந்த பழைய சுவரை டிரில்லால் மெல்லச் சீவிப் புதிய டென்டினை வெளிக்கொணர்வது ஓரளவுக்கு ஈடாகும்.

கட்டா பெர்ச்சாவைப் பிளகர் என்னும் சூடான கம்பிக் கருவியால் எடுக்கலாம், அல்லது பீசோ ரீமர் என்னும் நுனி கூர்மையற்ற சுழல் துளைப்பானால் எடுக்கலாம். பீசோ எண் 1இன் விட்டம் 0.7 மி.மீ., எண் 2க்கு 0.9, எண் 3க்கு 1.1 என்று ஒவ்வொரு எண்ணுக்கும் 0.2 மி.மீ. கூடுகிறது. முன்பல்லில் எண் 2 அல்லது 3க்கு மேல் போக வேண்டிய தேவை அரிது. ரப்பர் ஸ்டாப்பரில் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்முடைய பல்லில் உடைந்த விளிம்பிலிருந்து அளந்தால், வேருக்குள் 8 மி.மீ.யோடு ஈறுக்கு மேல் நிற்கும் 2 மி.மீ.யும் சேர்த்து 10 மி.மீ. ரீமரைக் குழாயின் திசையிலேயே விட வேண்டும், அழுத்தக் கூடாது. இடையிடையே வெளியே எடுத்துத் துருவலைத் துடைக்க வேண்டும். நின்ற இடத்தில் சுழலும் ரீமர் வேரின் வெளிப்பரப்பு வரை சூட்டைக் கடத்தும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே பாதிப்பு தொடங்குகிறது என்பது 1980களிலேயே அறியப்பட்டது.

அதன்பின், தேர்ந்தெடுத்த போஸ்ட்டுக்கு உரிய டிரில்லைக் கையாலோ மிகக் குறைந்த வேகத்திலோ சுழற்றி இடத்தைச் சமப்படுத்திவிட்டு, போஸ்ட்டை வைத்து எக்ஸ்ரே எடுங்கள். போஸ்ட்டின் நுனிக்கும் கட்டா பெர்ச்சாவுக்கும் இடையே வெற்றிடம் தெரியக் கூடாது. சுவரில் வெண்ணிறக் கோடாக எஞ்சிய கட்டா பெர்ச்சா தெரிந்தால் இப்போதே எடுத்துவிட வேண்டும்.

குழாயின் சுவர்: ஒட்டு நிற்பதும் விழுவதும் இங்கேதான்

டிரில் சுழன்ற இடத்தில் துருவல் அப்பிய ஸ்மியர் படலம் உருவாகிறது என்பது எல்லாரும் அறிந்தது. போஸ்ட் இடத்தில் உருவாகும் படலம் சாதாரணப் பற்குழியில் உருவாவதைவிடத் தடித்தது, மோசமானது. டென்டின் துருவலோடு, உராய்வுச் சூட்டில் இளகிய கட்டா பெர்ச்சாவும் சீலரும் பிசைந்த மாவைப்போல் சுவரில் அப்பிக்கொள்கின்றன. வெறும் கண்ணுக்கு அது சுத்தமான டென்டினாகவே தெரியும். லூப் அல்லது நுண்ணோக்கியில் நல்ல வெளிச்சத்தோடு பார்த்தால் மட்டுமே இளஞ்சிவப்புத் திட்டுகள் கண்ணில் படும். என் கைகளில் இதற்குச் சிறந்த கருவி, தண்ணீரோடு இயங்கும் மெல்லிய அல்ட்ராசோனிக் முனை. சுவரைச் சுற்றி மெதுவாகத் தடவிச் செல்லும்போது திட்டுகள் உரிந்து வருவது தெரியும். அல்ட்ராசோனிக் இல்லாத கிளினிக்கில், குழாய்க்குள் நுழையும் சிறு தூரிகையையும் ஆல்கஹால் நனைத்த மைக்ரோபிரஷ்ஷையும் கொண்டு பொறுமையாகத் தேய்ப்பது மாற்று வழி. கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். ஆகட்டும்.

அடுத்து திரவங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் வேர்ச் சிகிச்சையில் ஈடிணையற்றது. ஒட்டும் வேலையில் அதுவே பகை. அது சிதையும்போது விடும் ஆக்சிஜன் டென்டினில் தங்கி, ரெசினின் இறுகலைத் தடுக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைக் குழாய்க்குள் பயன்படுத்தினாலும் இதே விளைவு. ஆகவே போஸ்ட் வைக்கும் அமர்வில் கடைசித் திரவமாக ஹைப்போகுளோரைட் இருக்கக் கூடாது. கிருமி நீக்கத்துக்காகப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், பிறகு துருவல் படலத்தைக் கரைக்கும் 17% ஈ.டி.டி.ஏ. கரைசலை ஒரு நிமிடம் வைத்து, அதன்பின் நிறைய வாலை வடிநீரால் கழுவுங்கள். 10% அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஆக்சிஜன் நீக்கிகள் இந்தக் கேட்டைத் திருப்பிவிடும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் கேட்டை உண்டாக்கிவிட்டுத் திருப்புவதைவிட அதை உண்டாக்காமல் இருப்பதே நல்லது.

குளோர்ஹெக்சிடின் 2% கரைசலை ஒரு நிமிடம் வைப்பதற்கு நியாயம் உண்டு. அமிலம் பட்ட டென்டினில் விழித்தெழும் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள், ரெசின் முழுமையாக நிரப்பாத கொலாஜனை நாளடைவில் அரிக்கின்றன. குளோர்ஹெக்சிடின் அவற்றை அடக்குகிறது. ஒரு கவனம்: ஹைப்போகுளோரைட்டோடு நேரடியாகக் கலந்தால் பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகிக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் தண்ணீரால் கழுவ வேண்டும்.

உலர்த்துவது எளிய வேலையாகத் தோன்றும், அப்படி இல்லை. ஏர் சிரிஞ்சின் காற்று குழாயின் அடிவரை போவதில்லை. மேற்பகுதியைப் பாலைவனமாக்கிவிட்டு அடியில் குட்டையை விட்டுவிடும். முதலில் மெல்லிய உறிஞ்சு முனையால் நீரை எடுத்து, பிறகு பேப்பர் பாயின்ட்டுகளால் ஒற்றி எடுங்கள். கடைசிப் பேப்பர் பாயின்ட்டின் நுனி உலர்ந்து வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். அமிலத்தால் சுவரை லேசாக அரிக்கும் எட்ச் முறையிலும், தானே ஒட்டும் சிமெண்ட் முறையிலும் டென்டினில் லேசான ஈரம் இருக்க வேண்டும். ஈரம் முற்றிலும் வற்றினால் கொலாஜன் வலை படிந்துபோய் ரெசினுக்கு வழிவிடாது.

போஸ்ட்டைத் தயார்செய்தல்

குழாய் ஈரப்பதத்தோடு காத்திருக்கும்போதே போஸ்ட் தயாராக இருக்க வேண்டும். ஆகவே இந்தக் கட்டத்தை உண்மையில் கழுவுவதற்கு முன்பே முடித்து வைத்துவிடுங்கள். நீளத்தைக் குறித்து வெட்டுவதற்கு டயமண்ட் டிஸ்க்கையோ டயமண்ட் பர்ரையோ தண்ணீரோடு பயன்படுத்த வேண்டும். கம்பி வெட்டும் கட்டரால் நறுக்கினால் இழைகள் நசுங்கி, பிளந்த மூங்கிலைப்போல் நுனியிலிருந்து சிம்புசிம்பாகப் பிரியும். அந்தப் பிளவு பிறகு உள்நோக்கி ஓடும்.

பொருத்திப் பார்த்தபின் போஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். போஸ்ட்டின் இழைகளைக் கட்டியிருக்கும் பசை பல தயாரிப்புகளில் எபாக்சி; அது முன்பே நன்றாக இறுகியது, நம் சிமெண்ட்டின் மெத்தாக்ரிலேட்டோடு வினைபுரிய அதில் எதுவும் மிச்சமில்லை. ரெசினையும் கண்ணாடியையும் இணைக்கும் திரவமான சைலேன் பிடிப்பது எபாக்சியை அல்ல, வெளித்தெரியும் கண்ணாடி இழையை. இதனால்தான் வெறும் சைலேன் தடவுவது சிறு பயனையே தருகிறது. 24% ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒரு நிமிடம் போஸ்ட்டை நனைத்து மேற்பரப்பு எபாக்சியைக் கரைத்து இழைகளை வெளிக்கொணர்ந்தபின் சைலேன் தடவினால் பிடி கூடுகிறது. மேலே குழாய்க்குள் வேண்டாம் என்ற அதே பெராக்சைடு இங்கே உதவுகிறது. வாய்க்கு வெளியே பயன்படுத்தி, நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகே போஸ்ட் பல்லுக்கு வர வேண்டும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் மட்டும் வேண்டாம், அது கண்ணாடி இழையையே தின்றுவிடும். கடுமையாக மணல் வீசுவதும் இழைகளை அறுக்கும். தொழிற்சாலையிலேயே மேற்பூச்சு இட்டு வரும் போஸ்ட்டுகளுக்கு இந்த வேலைகள் எதுவும் தேவையில்லை. உறையிலுள்ள குறிப்பைப் படித்தால் போதும்.

சைலேனை ஒரு மெல்லிய பூச்சாகத் தடவி, 60 விநாடி விட்டு, எண்ணெயும் ஈரமும் இல்லாத காற்றால் உலர்த்துங்கள். ஒரே குப்பியில் வரும் சைலேன் நாளாக ஆகத் தன் ஆற்றலை இழக்கும். கலங்கித் தெரிந்தால் காலாவதித் தேதியைப் பார்க்காமலே எறிந்துவிடலாம். தயாரான போஸ்ட்டைக் கையுறை விரலால் தொடாதீர்கள். கவ்வியால் மேல்முனையைப் பிடித்து எடுங்கள்.

எந்தச் சிமெண்ட், எந்தப் பான்டிங்

வேர்க்குழாயில் ஒட்டுவது ஏன் கடினம் என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். ரெசின் இறுகும்போது சுருங்குகிறது; கட்டற்ற பரப்பு இருந்தால் அது நெகிழ்ந்து கொடுத்து இறுக்கத்தைத் தணிக்கும். ஒட்டிய பரப்புக்கும் கட்டற்ற பரப்புக்கும் உள்ள விகிதம் சாதாரண முதல் வகைக் குழியில் 5 அளவில் இருக்கிறது. போஸ்ட் இடத்தில் கட்டற்ற பரப்பு என்பது குழாயின் வாயில் தெரியும் மெல்லிய வளையம் மட்டுமே. கணக்கீடுகளில் விகிதம் 200ஐத் தாண்டுகிறது. சுருக்கத்தின் இறுக்கம் முழுவதும் புதிதாக உருவான ஒட்டின் மேல் விழுகிறது. இதோடு, வேர் நுனியை நெருங்க நெருங்க டென்டின் நுண்குழல்கள் குறைகின்றன, வெளிச்சமும் குறைகிறது.

வெளிச்சம் குறைவதால், லைட் க்யூர் மட்டும் உள்ள சிமெண்ட் இங்கே தகாது. ஒளியாலும் வேதிவினையாலும் இறுகும் டூயல் க்யூர் சிமெண்ட்டே வேண்டும். அதை மூன்று வழிகளில் பயன்படுத்துகிறார்கள். முதலாவது, 37% பாஸ்பாரிக் அமிலத்தை 15 விநாடி வைத்துக் கழுவி, பான்டிங் என்னும் ஒட்டுத் திரவத்தைத் தடவி, டூயல் க்யூர் ரெசினை இடுவது. 1982இல் நகபயாஷி விளக்கிய, ரெசினும் டென்டினும் பின்னிய கலப்புப் படலத்தை உருவாக்கும் இந்த முறை, பற்குழியில் மிக நம்பகமானது. குழாயின் அடியில் அமிலத்தை முழுவதும் கழுவுவதும் ஈரத்தைச் சரியான அளவில் நிறுத்துவதும் பான்டிங்கின் கரைப்பானை ஆவியாக்குவதும் கைவராதவர்களுக்கு அது பொறி. இரண்டாவது, தானே எட்ச் செய்யும் பிரைமரோடு வரும் சிமெண்ட். மூன்றாவது, 2002இல் சந்தைக்கு வந்த ரிலையெக்ஸ் யூனிசெம் தொடங்கிவைத்த, தானே ஒட்டும் சிமெண்ட் வகை. அதில் பான்டிங் என்ற தனிக் கட்டமே இல்லை. அதன் அமில மோனோமர்கள் டென்டினின் கால்சியத்தோடு வேதிப்பிணைப்பை உண்டாக்குகின்றன.

முதல் இரண்டு வழிகளில் ஒரு மறைவான கண்ணி இருக்கிறது. ஒரே குப்பியில் வரும் எளிய பான்டிங்குகளின் மேற்பரப்பில், காற்றுபட்டு இறுகாமல் நின்ற அமில மோனோமர்கள் இருக்கும். அவை சிமெண்ட்டின் வேதி இறுகலுக்கு வேண்டிய அமீனோடு வினைபுரிந்து அதைச் செயலிழக்கச் செய்கின்றன. வெளிச்சம் எட்டும் மேற்பகுதி நன்றாக இறுகும்; வேதி இறுகலையே நம்பியிருக்கும் அடிப்பகுதி குழைவாக நின்றுவிடும். எக்ஸ்ரேயில் இது தெரியாது. ஆகவே பான்டிங்கும் சிமெண்ட்டும் ஒரே தயாரிப்பாளருடையதாக, ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று கையேட்டில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். தேவைப்படும் தயாரிப்புகளில் டூயல் க்யூர் ஆக்டிவேட்டரைக் கலந்தே தீர வேண்டும். அலமாரியில் இருக்கும் யுனிவர்சல் பான்டிங்கை எந்தச் சிமெண்ட்டோடும் சேர்த்துவிடலாம் என்பது ஆபத்தான சிக்கனம்.

என் தெரிவு குழாய்க்குள் தானே ஒட்டும் சிமெண்ட், குழாய்க்கு மேலே கோருக்குப் பான்டிங். ஆய்வக எண்களில் எட்ச் முறை சிலவேளை முந்தலாம். ஆனால் குறுகிய, இருண்ட, ஈரமான குழாயில் கட்டங்கள் குறைந்த முறையே பிழையைக் குறைக்கிறது என்பது என் தீர்மானம். இந்தச் சிமெண்ட்டைப் பயன்படுத்தும்போது டென்டினைப் பாஸ்பாரிக் அமிலத்தால் எட்ச் செய்யாதீர்கள். கெட்டியான சிமெண்ட் வெளிப்பட்ட கொலாஜன் வலைக்குள் இறங்காது. பிடி கூடுவதற்குப் பதில் குறையும்.

ஒட்டுதல்

இனி போஸ்ட் அடிவரை இறங்கும்வரை நடப்பது எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள். போஸ்ட், கவ்வி, லைட், கோர் பொருள், மைக்ரோபிரஷ் அனைத்தும் தட்டில் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்த சிமெண்ட் அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். அதே சமயம், மே மாதத்தில் ஏசி நின்றுபோன அறையில் கையேடு சொல்லும் வேலை நேரத்தை நம்ப வேண்டாம்; அந்த எண் ஏறத்தாழ 23 டிகிரியில் அளந்தது. வேர்க்குழாய்க்குள் வெப்பம் அதைவிடவும் அதிகம்.

சிரிஞ்சிலிருந்து முதலில் வரும் சிறு அளவைத் தாளில் பிதுக்கி ஒதுக்குங்கள்; இரண்டு பாகங்களும் சம அளவில் வரத் தொடங்குவது அதன்பின்தான். மெல்லிய நீள்முனையைக் குழாயின் அடிவரை இறக்கி, கட்டா பெர்ச்சாவைத் தொட்டதும் பிதுக்கத் தொடங்கி, முனை சிமெண்ட்டுக்குள் மூழ்கியிருக்கும்படியே மெதுவாக மேலே இழுத்து வாருங்கள். முனையை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு பிதுக்கினால் நடுவில் காற்று சிக்கும். லென்டுலோ சுருளால் சிமெண்ட்டைச் சுழற்றி இறக்கும் பழைய பழக்கத்தை இந்தச் சிமெண்ட்டுகளில் விட்டுவிட வேண்டும். போஸ்ட் பாதி வழியில் இருக்கும்போதே சிமெண்ட் இறுகிவிடக்கூடும். போஸ்ட்டின் மேலும் மெல்லிய பூச்சு இட்டு, லேசாகத் திருப்பியபடி அடிவரை இறக்கி, குறித்த ஆழத்தை அடைந்ததும் அசையாமல் பிடியுங்கள். வெளியே வழிந்ததை மைக்ரோபிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

ஒளிக்கு முன் ஒரு சிறு காத்திருப்பு நல்லது. உடனே லைட் அடித்தால் சிமெண்ட் வேகமாகச் சுருங்கும். சில நிமிடங்கள் வேதி இறுகலுக்கு விட்டால் சுருக்கத்தின் இறுக்கம் மெல்ல எழும். ரப்பர் டேமின் கீழ் போஸ்ட்டை அசையாமல் பிடிக்க முடிந்தால், கையேடு அனுமதிக்கும் அளவுக்குக் காத்திருங்கள். பிறகு லைட்டின் முனையைப் போஸ்ட்டின் தலைமேல் நேராக வைத்து 40 முதல் 60 விநாடி. போஸ்ட் ஒளியைக் கடத்தும் என்று விளம்பரம் சொன்னாலும், அடி மூன்றில் ஒரு பங்குக்குப் போய்ச் சேர்வது சொற்பமே. அங்கே இறுகலை முடிப்பது வேதிவினை. அதனால் லைட் அடித்தவுடன் கோரைச் செதுக்கத் தொடங்காமல், கையேடு சொல்லும் முழு நேரத்தையும் கொடுங்கள். லைட்டின் ஆற்றலை மாதம் ஒருமுறையாவது ரேடியோமீட்டரில் அளப்பது இந்தக் கட்டத்தின் மறக்கப்பட்ட பகுதி.

கோர்

கோரை அதே அமர்வில் கட்டிவிடுங்கள். குழாய்க்கு மேலே எஞ்சிய டென்டினிலும் எனாமலிலும் வழக்கமான முறையில் எட்ச் செய்து, பான்டிங் தடவி, டூயல் க்யூர் கோர் ரெசினையோ அடுக்கடுக்காகக் காம்போசிட்டையோ வைத்துக் கட்டலாம். போஸ்ட்டின் தலை காம்போசிட்டுக்குள் 1.5 முதல் 2 மி.மீ. புதைந்திருக்க வேண்டும். வெட்டிய இழைகளின் முனை எச்சிலில் திறந்து நின்றால் அதன் வழியே ஈரம் ஏறிப் போஸ்ட் உள்ளிருந்தே தளரும். தற்காலிகக் கிரௌனுக்கு யூஜினால் கலவாத சிமெண்ட்டையே பயன்படுத்துங்கள். நிரந்தரக் கிரௌனைத் தள்ளிப்போட வேண்டாம்; கிரௌன் ஃபெரூலைத் தழுவிப் பிடிக்காத ஒவ்வொரு நாளும் முழுச் சுமையும் ஒட்டின் மேல்தான்.

அகன்ற குழாயும் நீள்வட்டக் குழாயும்

மேலே சொன்னவை வட்டமான குழாய்க்குச் சரி. இளம் வயதில் அடிபட்டு வேர் வளர்ச்சி நின்ற பல்லிலும், பழைய வார்ப்புப் போஸ்ட்டை எடுத்த பல்லிலும், நீள்வட்டக் குழாயுள்ள முன்கடைவாய்ப்பல்லிலும் வட்டப் போஸ்ட்டைச் சுற்றித் தடித்த சிமெண்ட் அடுக்கு விழும். சுருக்கமும் குமிழ்களும் அங்கே அதிகம். அப்போது போஸ்ட்டைக் குழாயின் அச்சாகவே ஆக்கிக்கொள்ளலாம். குழாயின் சுவரில் கிளிசரின் ஜெல் தடவி, சைலேனும் பான்டிங்கும் இட்ட போஸ்ட்டைக் காம்போசிட்டால் சுற்றி, உள்ளே இறக்கி, சில விநாடி மட்டும் லைட் அடித்து வெளியே எடுத்து, வெளியில் முழுமையாக இறுக்குங்கள். மீண்டும் இறக்கும்போது அது கையுறைபோல் பொருந்தும், சிமெண்ட் அடுக்கு மெல்லியதாகும். எந்தத் திசையில் இறக்கினோம் என்பதற்கு முகப்பக்கத்தில் ஒரு குறி வைக்காவிட்டால் பிறகு தடுமாற்றம்தான். கிளிசரினை முழுவதும் கழுவிவிட வேண்டும். மிச்சமிருந்தால் இத்தனை உழைப்பும் வீண்.

கழன்று வந்த பல்லை மீண்டும் எடுத்துக்கொள்ளும்போது

தொடக்கத்தில் சொன்ன போஸ்ட்டைப் பார்த்தாகிவிட்டது. அடுத்து ஃபெரூலை அளவிடுங்கள். அது இல்லையென்றால் எத்தனை முறை ஒட்டினாலும் கழலும். வேரில் பிளவு உண்டா என்று உருப்பெருக்கியோடும், ஒரே இடத்தில் ஆழமாக இறங்கும் ஈறுப் பை இருக்கிறதா என்று புரோப்பாலும் தேடுங்கள். கட்டா பெர்ச்சா எவ்வளவு நாள் எச்சிலில் திறந்து கிடந்தது என்று நோயாளியைக் கேளுங்கள். ஓரிரு நாள் என்றால் நன்றாகச் சுத்தம் செய்து தொடரலாம், வாரக்கணக்கில் என்றால் வேர்ச் சிகிச்சையை மீண்டும் செய்துவிட்டே அடுத்த போஸ்ட். பழைய போஸ்ட்டையே திரும்ப ஒட்டாதீர்கள். குழாயில் எஞ்சிய சிமெண்ட்டை அல்ட்ராசோனிக்கால் எடுத்து, புதிய டென்டின் தெரியும்வரை சுத்தம் செய்து, புதுப் போஸ்ட்டோடு மேலே சொன்ன வரிசையில் தொடங்குங்கள்.

கேஸ் ஷீட்டில் போஸ்ட்டின் தயாரிப்பு, விட்டம், வேருக்குள் இருக்கும் நீளம், சீலர், பான்டிங், சிமெண்ட் ஆகியவற்றை எழுதி வையுங்கள். என்றாவது ஒருநாள் அந்தப் போஸ்ட்டை உள்ளிருந்து துளைத்தெடுக்க வேண்டி வந்தால், எந்த விட்டத்தில் தொடங்கி எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அடுத்த மருத்துவர் அந்த ஒரு வரியிலிருந்தே தெரிந்துகொள்வார்.